ஓடும் பொறியும் மாறும் தளமும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் இயங்கிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறைவுசெய்தது. அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. மறுநாள் காலையிலும் பொத்தானை அழுத்தியவுடன் திரை ஒளிர்ந்தது, கோப்புகள் திறந்தன, அச்சுப்பொறி அச்சிட்டது. கண்ணுக்குப் புலப்பட்ட மாற்றம் ஏதுமில்லை. புலப்படாத மாற்றம் ஒன்று மட்டும் நிகழ்ந்திருந்தது. அந்த இயங்குதளத்தில் அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள், மாதந்தோறும் தாமாக வந்துசேரும் வழக்கம் முடிவுக்கு வந்தது.

இயங்குதளம் என்பது கணினியின் எல்லா உறுப்புகளையும் ஒருங்கிணைத்து வேலைவாங்கும் அடிப்படை மென்பொருள். பட்டறையில் மேஸ்திரி செய்யும் பணியைக் கணினிக்குள் அது செய்கிறது. எந்த வேலைக்கு எவ்வளவு இடம், எந்தக் கோப்பு எங்கே, யாரை உள்ளே விடலாம், யாரைத் தடுக்கலாம் என்பனவற்றை அதுவே முடிவுசெய்கிறது. மேஸ்திரியை மாற்றினால் பட்டறையின் நடைமுறை முழுவதும் மாறும். ஆகவேதான் இயங்குதளத்தை மாற்றுவது, ஒரு செயலியை மாற்றுவதைக் காட்டிலும் பெரிய முடிவாகிறது.

பட்டறையின் இரு கணினிகள்

கோயம்புத்தூரின் கணபதி, பீளமேடு, குறிச்சி ஆகிய பகுதிகளில் வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் மோட்டார் உதிரிபாகக் கூடங்களும் தெருத்தோறும் காணப்படுகின்றன. பெரிய ஆலைகள் வடிவமைக்கும் நீரேற்றிகளுக்கும் நெசவு எந்திரங்களுக்கும் வேண்டிய சிறு பாகங்கள் இத்தெருக்களில்தான் கடைந்தெடுக்கப்படுகின்றன. அத்தகைய பட்டறை ஒன்றை நடத்துபவர் ஒருவர். அன்னூர்ப் பக்கத்துச் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் லேத்துப் பழக வந்தவர். கடன் வாங்கி ஒரு பொறியில் தொடங்கி, இன்று எட்டுப் பேருக்கு வேலை கொடுப்பவர்.

அவருடைய பட்டறையில் இரண்டு கணினிகள் உள்ளன. ஒன்று, அலுவலக அறையில் உள்ளது. கணக்கு, வரி, வங்கி, வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடங்கள் எல்லாம் அதில்தான். அது விண்டோஸ் 10இல் இயங்குகிறது. மற்றொன்று, பட்டறைக்குள் கணினிவழிக் கடைசல் பொறியின் அருகே எண்ணெய்க் கறையும் இரும்புத் தூசியும் படிந்து நிற்கிறது. வெட்டவேண்டிய வடிவத்துக்கான கட்டளைகளைப் பழைய வகைக் கம்பிவடம் வழியாகப் பொறிக்கு அனுப்புவது மட்டுமே அதன் வேலை. அதில் இயங்குவது 2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான ஆதரவு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாளே முடிந்துவிட்டது. ஆயினும் அக்கணினி ஒரு நாளும் வேலையை நிறுத்தியதில்லை.

அலுவலகக் கணினியின் திரையில் அறிவிப்பு தோன்றத் தொடங்கியதும் அவர் கவலையடைந்தார். விண்டோஸ் 11க்கு மாற விரும்பினால், அக்கணினி அதற்குத் தகுதியற்றது என்னும் செய்தி வந்தது. அதாவது, தளத்தை மாற்ற வேண்டுமாயின் கணினியையே மாற்றவேண்டும். ஆயுதபூசைக்கு முந்தைய வாரங்களில், தொழிலாளர்களின் போனஸ் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது எளிய செலவன்று.

இருபது ஆண்டுகளாக அவருடன் பணியாற்றும் மூத்த தொழிலாளி, "ஏனுங்க, நல்லா ஓடிக்கிட்டிருக்கிறத எதுக்குங்க மாத்தோணும்? லேத்து கெட்டாத்தான நாம பிரிக்கிறோம்?" என்று கேட்டார்.

கல்லூரியில் பயிலும் மகள் அதற்கு விடை சொன்னாள். "லேத்து கெட்டாச் சத்தம் கேக்குமுங்கப்பா. இது கெட்டாச் சத்தமே கேக்காதுங்க."

இரண்டு சொற்களிலும் உண்மை இருந்தது. அதுவே முடிவெடுப்பதைக் கடினமாக்கியது.

மாறாதிருப்பதன் விலை

மூத்த தொழிலாளியின் கருத்து, பட்டறை அனுபவத்தில் விளைந்தது. இரும்புப் பொறி தேயும்போது அதிரும், சூடேறும், ஓசை மாறும். அனுபவமுள்ள காது அதனை முன்கூட்டியே உணர்ந்துவிடும். மென்பொருள் அவ்வாறு தேய்வதில்லை. எழுதப்பட்ட நாளில் இருந்தபடியே அது என்றும் இருக்கும். அதைச் சூழ்ந்துள்ள உலகம்தான் மாறுகிறது. நேற்றுவரை யாரும் அறியாதிருந்த ஓட்டையை இன்று ஒருவர் கண்டுபிடிக்கிறார். நாளை அதன் வழியே நுழையும் நச்சுநிரல் எழுதப்படுகிறது.

2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பரவத் தொடங்கிய வன்னாகிரை என்னும் நச்சுநிரல் இதற்குத் தக்க சான்று. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு மீட்புத்தொகை கேட்கும் வகையைச் சார்ந்தது அது. சில நாள்களுக்குள் நூற்றைம்பது நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும் நிலை ஏற்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. அதை நிறுவிக்கொண்டவர்கள் தப்பினர். ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தம் ஒன்று வெளியிடப்பட்டது. ஆனால், அது தாக்குதல் தொடங்கிய பின்னரே பொதுமக்களுக்குக் கிடைத்தது.

கோவைப் பட்டறைகளைப் பொறுத்தவரை, இவ்விடர் ஒரு காலத்தில் தொலைவில் இருந்தது. கணக்குக் கணினி இணையத்தோடு இணையாமலே பல ஆண்டுகள் இயங்கியது. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் நிலை மாறியது. வரி அறிக்கைகளை இணையத்தில்தான் அளிக்கவேண்டும். வங்கிப் பரிமாற்றமும் இணையத்துக்கு வந்தது. வரைபடங்கள் மின்னஞ்சலில் வந்தன. சிறு பட்டறையின் மேசைக் கணினியும் உலகத் தெருவுக்குக் கதவு திறந்து நின்றது.

அக்கணினிக்குள் இருப்பவை உரிமையாளரின் உடைமைகள் மட்டுமல்ல. தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண்கள், அடையாள ஆவணங்களின் படிகள், நம்பி அனுப்பப்பட்ட வாடிக்கையாளரின் வரைபடங்கள் ஆகியனவும் அங்கே உள்ளன. தன் பொருளை இழக்கும் துணிவு ஒருவருக்கு இருக்கலாம். பிறர் ஒப்படைத்த பொருளை வைத்துத் துணிய அவருக்கு உரிமையில்லை.

மாறுவதன் விலை

மகளின் கருத்து சரியென்பதால் மூத்தவரின் கருத்து பிழையாகிவிடாது. மாற்றத்துக்கும் விலை உண்டு.

விண்டோஸ் 11, 2021 அக்டோபரில் வெளிவந்தது. டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு, குறைந்தது 4 ஜிபி நினைவகம், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலி ஆகியவை அதற்குத் தேவை. பாதுகாப்பை வன்பொருளிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் ஏற்கத்தக்கதே. எனினும், நன்றாக உழைக்கும் கணினிகள் பல இவ்விதியால் பயனற்றவையாகக் கருதப்படுகின்றன. ஈயம் போன்ற நச்சு உலோகங்களைத் தாங்கிய அவை குப்பைமேட்டுக்குச் சென்றால், அந்த நஞ்சு மண்ணையும் நீரையும் சேரும். மின்னணுக் கழிவுகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்கவேண்டும் என்பதற்காகவே 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் வகுக்கப்பட்டன.

அடுத்தது, இணக்கம். கடைசல் பொறியின் அருகிலுள்ள கணினியைப் புதிய தளத்துக்கு மாற்றினால், பொறியுடன் பேசும் பழைய மென்பொருள் அதில் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. பழைய வகைக் கம்பிவடத்தைச் செருகும் வாய்கூடப் புதிய கணினிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. பல இலட்சம் மதிப்புள்ள பொறி, அதைவிட மிகக் குறைந்த விலையுள்ள கணினியின் மாற்றத்தால் நின்றுவிடக்கூடும்.

மூன்றாவது, புதியதும் பிழைபடக்கூடும் என்பது. 2024 ஜூலை 19ஆம் நாள், பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒன்று வெளியிட்ட புதுப்பிப்பில் இருந்த பிழையால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கு நுழைவுச்சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். காக்க வந்த திருத்தமே அன்று முடக்கிப்போட்டது. எனவே, வந்தவுடன் ஏற்பதும் அறிவுடைமையாகாது. வரவேண்டாம் என்று கதவடைப்பதும் அறிவுடைமையாகாது.

எழுத்தும் தளமும்

தமிழர்க்கு இச்சிக்கலில் தனிப்பட்ட பங்கு ஒன்று உண்டு. பட்டறை உரிமையாளரின் கணினியில் ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலத் தமிழ்க் கடிதங்கள் இருந்தன. ஊர்க் கோவில் திருப்பணிக் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். மகள் அவற்றை வேறொரு கணினியில் திறந்துபார்த்தபோது, தமிழுக்கு மாறாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளே தோன்றின.

கணினியில் தமிழ் புகுந்த தொடக்கக் காலத்தில், ஒவ்வோர் எழுத்துரு உருவாக்குநரும் தமக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டனர். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்தனர். குறிப்பிட்ட எழுத்துரு இருக்கும்வரை தமிழ் தெரியும். அது இல்லாத கணினியில் தமிழ் மறைந்துவிடும். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் பொதுவான குறியீட்டு முறைகளும் வரையறுக்கப்பட்டன. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையைத் தமிழுக்கும் ஏற்று வந்த முதல் விண்டோஸ் தளம் விண்டோஸ் 2000. எழுத்தை எண்ணாகச் சேமித்து, வடிவத்தைத் தளமே காட்டும் அம்முறையால் எந்தக் கணினியிலும் தமிழைப் படிக்க வழி பிறந்தது.

இவ்வரலாற்றில் கோவைக்கும் இடமுண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நிகழ்ந்தது. அக்காலத்தில்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. இயங்குதள மேம்பாடு என்பது வேகத்துக்காகவும் அழகுக்காகவும் மட்டும் என்று எண்ணுவோர், இந்த நன்மையையும் கருதவேண்டும். பழைய தளத்திலேயே பழைய எழுத்துருவோடு தங்கிவிட்ட ஆவணங்கள், அந்தத் தளம் அழியும்போது தாமும் வாய்மூடிவிடும். அவற்றை உரிய காலத்தில் ஒருங்குறிக்கு மாற்றுவது, ஓலைச்சுவடியைப் படியெடுப்பதற்கு ஒப்பான பணி.

மூன்றாவது வழி

பழையதைத் தொடர்வது, புதியதை வாங்குவது என்னும் இரண்டு வழிகள் மட்டுமே உள்ளன என்று நினைப்பது இயல்பு. மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளின் வழி. அதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். பழைய கணினிகளிலும் இயங்கும் எளிய வடிவங்கள் அதில் உள்ளன.

தமிழ்நாட்டுக்கு இவ்வழி புதிதன்று. தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. மேம்பட்ட கணினி வளர்ச்சி மையமாகிய சி-டாக், பாஸ் என்னும் இந்திய லினக்ஸ் தளத்தை உருவாக்கியது. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. அண்டை மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியே கட்டற்ற மென்பொருளின் மேல் எழுப்பப்பட்டுள்ளது.

இவ்வழிக்கும் வரம்பு உண்டு. பட்டறையின் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென எழுதப்பட்டது. கணக்கு எழுத வருபவருக்குப் பழக்கமானதும் அதுவே. மென்பொருள் இலவசம் என்றாலும், பழக்கத்தை மாற்ற ஆகும் காலம் இலவசமன்று. ஓர் அலுவலகம் முழுவதையும் மாற்றிய எல்காட்டுக்குப் பயிற்சியளிக்க ஆள்கள் இருந்தனர். எட்டுப் பேர் பணிபுரியும் பட்டறைக்கு அவ்வசதி இல்லை.

கவலையிலிருந்து மோட்டாருக்கு

கொங்கு மண்ணுக்கு இத்தகைய முடிவுகள் பழக்கமானவை. நொய்யலும் பவானியும் அமராவதியும் பாயாத மேட்டு நிலங்களில், உழவர் ஆழ்ந்த கிணறு வெட்டிக் கவலை பூட்டி நீர் இறைத்தனர். இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, சால் நிறைந்து மேலே வரும். 1930களில் பைகாரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகள் பெருகின, மோட்டாரும் நீரேற்றியும் இவ்வூரிலேயே உருவாகத் தொடங்கின. ஜி.டி. நாயுடு போன்றோர், எந்திரங்களைப் பிரித்துப் பார்த்து அவற்றின் உட்பொருளை அறியும் பழக்கத்தை இம்மண்ணில் ஊன்றினர்.

ஆயினும், மின்சாரம் வந்த அன்றே எல்லாக் கிணற்றிலும் கவலை நிற்கவில்லை. பட்டறை உரிமையாளரின் பாட்டனார் தம் கிணற்றுக்கு மோட்டார் வாங்கிய பின்னும், எருதுகளை ஈராண்டுகள் விற்காமல் வைத்திருந்தாராம். மின்சாரம் நம்பத்தக்கது என்று தெளிந்த பின்னரே கவலைச் சட்டத்தைக் கழற்றினார். அவர் மாற்றத்தை மறுக்கவில்லை. மாற்றம் தோற்றால் பயிர் காயாதிருக்க வழி வைத்துக்கொண்டார். இன்றைய கணினியியலார் காப்புப்படி என்று குறிப்பிடுவதன் பொருள் இதுவே.

மோட்டாரின் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. கவலை, ஊற்றுக்கு ஏற்ற அளவே இறைத்தது; மோட்டார் ஊற்றைக் கடந்து இறைத்தது. நீர்மட்டம் தாழ்ந்தது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் கடந்து இறங்கின. ஆழம் கூடக்கூட, மேலும் வலிய மோட்டார் தேவைப்பட்டது. ஒரு மேம்பாடு அடுத்த மேம்பாட்டைக் கட்டாயமாக்கியது. கணினி உலகிலும் அவ்வாறே நிகழ்கிறது. புதிய தளம் புதிய வன்பொருளையும், புதிய வன்பொருள் புதிய மென்பொருளையும் கேட்கும். எந்த இடத்தில் நிற்பது என்பதை வாங்குபவர் தாமே முடிவுசெய்யவேண்டும். விற்பவர் அதனைச் சொல்லமாட்டார்.

முடிவு பிறந்த விதம்

உரிமையாளரும் மகளும் மூத்த தொழிலாளியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அமர்ந்து பேசினர். "மாற்றுவதா, வேண்டாமா?" என்னும் ஒரே கேள்வியை விடுத்து, ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே மூன்று கேள்விகளை எழுப்பினர். இக்கணினி வெளியுலகத்தோடு இணைந்துள்ளதா? இதில் யாருடைய பொருள் இருக்கிறது? இது நாளை நின்றால் எத்தனை நாள் வேலை நிற்கும்?

பொறியருகே இருந்த கணினிக்கு இணையம் தேவையில்லை. அதில் பிறருடைய ஆவணங்களும் இல்லை. ஆனால், அது நின்றால் அன்றைய வேலை முழுவதும் நிற்கும். எனவே, அதனை மாற்றாமல் விடுவதென்றும், எந்த வலையமைப்போடும் இணைக்காமல் தனிமைப்படுத்துவதென்றும் முடிவாயிற்று. கண்ட நினைவுக்குச்சிகளைச் செருகக்கூடாது. அதற்கென ஒதுக்கிய ஒன்றை மட்டும், சோதித்த பின் பயன்படுத்தவேண்டும். இருபது ஆண்டுகளில் எழுதிய வெட்டுக் கட்டளைகள் அனைத்தும் இரண்டு இடங்களில் படியெடுக்கப்பட்டன. இம்முடிவு மூத்தவருக்கு நிறைவளித்தது.

அலுவலகக் கணினியின் நிலை வேறு. அது நாள்தோறும் இணையத்தைத் தொடுகிறது; பிறர் நம்பி ஒப்படைத்தவற்றைச் சுமக்கிறது. அதைப் பழைய தளத்தில் தொடரவிடுவது முறையன்று. தனிப்பயன் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களைப் பதிவுசெய்து பெற வழியிருந்தது. நிறுவனங்களுக்குக் கட்டணத்துடன் அதனினும் கூடுதல் காலம் அளிக்கப்பட்டது. அவர்கள் கட்டணம் செலுத்தி ஓராண்டு அவகாசம் பெற்றனர். அந்த அவகாசத்தை வாளாவிருப்பதற்கான விடுப்பாகக் கொள்ளவில்லை. மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்கிப் புதிய கணினி வாங்குவது, கணக்கு மென்பொருள் அதில் ஒழுங்காக இயங்குகிறதா என்று முதலில் சோதிப்பது, ஒரு மாதம் இரண்டிலும் இணையாகக் கணக்கு எழுதிப் பார்ப்பது என்று திட்டமிட்டனர். பாட்டனார் எருதுகளை வைத்திருந்த முறை அதுவே.

பழைய அலுவலகக் கணினி கழிவாகப் போகாது. அதில் லினக்ஸை நிறுவும் பொறுப்பை மகள் ஏற்றாள். பழைய தமிழ்க் கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையும் அதில்தான் நடக்கும். திருப்பணிக் கணக்கின் முதல் பக்கம் மாற்றப்பட்டுத் திரையில் தமிழாகத் தோன்றியபோது, அவளுடைய பாட்டியின் பெயர் நன்கொடையாளர் வரிசையில் இருந்தது. கொடுத்த தொகை ஐம்பது ரூபாய். அந்தப் பெயர் இனி எந்தக் கணினியிலும் படிக்கப்படும்.

கருவி எதுவாயினும், அதை மாற்றும் உரிமையும் மாற்றாதிருக்கும் உரிமையும் பயன்படுத்துபவருக்கே உரியவை. அவ்வுரிமையை அச்சமோ ஆசையோ பறித்துக்கொள்ள விடக்கூடாது. கருவி எதற்காக, அதில் யாருடைய நம்பிக்கை அடங்கியிருக்கிறது, தவறினால் மீளும் வழி உண்டா என்று கேட்டறிந்து எடுக்கும் முடிவு, ஒரு பட்டறையில் ஒரு கணினிக்கு 'ஆம்' என்றும், பக்கத்துக் கணினிக்கு 'இல்லை' என்றும் அமையலாம். இரண்டும் சரியான முடிவுகளே.